கார், புதுச் சேலை, ஓட்டல் சாப்பாடு

2024 மார்ச் 3, ஞாயிறு

குழுக் கூட்டம் ஆறு மணிக்குத் தொடங்க வேண்டியது, ஏழரை ஆகிவிட்டது. சேமிப்பு, கடன் தவணை, தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து எல்லாம் முடிந்து பாயைச் சுருட்டும்போது, தையல் மிஷின் வைத்திருப்பவள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"அக்கா, வியாழக்கிழமை அண்ணன் கார் எடுத்துட்டு வருது. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்து போடணுமாம்."

"என்ன பத்திரம்?"

"தெரியலக்கா. அப்பா நிலத்துக்கு ஏதோ. அண்ணி சேலை எடுத்துக் குடுத்துச்சு."

கார், புதுச் சேலை, திரும்பும் வழியில் ஓட்டல் சாப்பாடு. மூன்றும் சேர்ந்து வந்தால் அது விடுதலைப் பத்திரம்தான், சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுத்து எழுதுவது. பத்திரத்தின் நகலை வாட்ஸப்பில் அனுப்பச் சொல்லு என்றேன். கேட்கக் கூச்சமாக இருக்கிறதாம். கூடப் பிறந்தவனிடம்!

மார்ச் 5

இரண்டு நாளாகத் தூக்கம் சரியில்லை. பெரியம்மா ஞாபகம்தான்.

பெரியவர்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்த அறிவொளி இயக்கம் புதுக்கோட்டைக்கு வந்தபோது எனக்கு 23 வயது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் வகுப்பு. கரும்பலகையில் நான் முதலில் எழுதிப் போட்ட வார்த்தை 'பட்டா'. எழுத எளிது, எல்லோருக்கும் தெரிந்த சொல். பெரியம்மாவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். நாற்று நட்டு வெடித்த விரல்களில் பலப்பம் நிற்காது, வழுக்கும். மூன்று வாரம் தன் பேரை மட்டும் எழுதினார். கடைசி எழுத்தின் வாலை இழுத்து ஒரு சுழி போடுவார். அது தேவையில்லை என்று நான் சொன்னதை அவர் கேட்கவே இல்லை. எங்கள் வகுப்பில் கைநாட்டை விட்ட முதல் ஆள் அவர்தான். அன்றைக்கு நான் வீட்டுக்குப் போய் அழுதேன், சந்தோஷத்தில்.

1998-இல் அவருடைய அப்பா இறந்து காரியம் முடிந்த கையோடு தம்பிமார் காரில் கூட்டிப் போனார்கள். சுழியோடு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். உயில் எதுவும் கிடையாது. 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் பங்கு உண்டு. எனக்கு விஷயம் தெரிய ஐந்து வருடம் ஆனது.

"கைநாட்டா இருந்திருந்தா எழுத்தரு படிச்சுக் காட்டியிருப்பாரு டீச்சர். நான் பேனாவ வாங்குனதும், படிச்ச பொம்பளன்னு நெனச்சுப் பேசாம இருந்துட்டாரு."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். என்னால் சிரிக்க முடியவில்லை. பேர் எழுதக் கற்றுக் கொடுத்தேன். பேருக்கு மேலே நாலு பக்கம் இருக்கும், அதைப் படி என்று சொல்லிக் கொடுக்கவில்லை.

மார்ச் 7, வியாழன்

கார் வந்தது. இவள் தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாளாம். சாயங்காலம் மகன் போனுக்கு நகல் வந்துவிட்டது. அண்ணனும் ஒன்றும் மோசமான ஆள் இல்லை, கேட்டதும் அனுப்பியிருக்கிறார்.

உட்கார்ந்து வரிவரியாகப் படித்தோம். நான் வாசிக்கவில்லை, அவளையே வாசிக்க வைத்தேன். 'எனக்கோ என் வாரிசுகளுக்கோ எவ்விதப் பாத்தியமும் இல்லை' என்ற இடத்தில் நிறுத்தி, "என் புள்ளைகளையும் சேத்தா எழுதியிருக்கு?" என்றாள்.

பூர்வீக நிலம். தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமாகப் பங்கு. அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களை அந்தச் சட்டம் சேர்க்கவில்லை. இவளுக்குக் கல்யாணம் 1996-இல். நாடு முழுவதற்கும் அந்த உரிமை வர 2005 ஆனது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனால் அவள் கேட்டது வேறு: "பங்கு கேட்டா, நாளைக்கு மக கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீரு யாருக்கா கொண்டு வருவா?"

இதற்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. நகைக்கும் சீருக்கும் செலவு பண்ணியாச்சே, அதுதான் உன் பங்கு என்பார்கள். கேட்டால் பிறந்த வீட்டு வாசல் மூடிவிடும். தெரியாமல் கையெழுத்துப் போடுகிறவர்களை விட, தெரிந்தே போடுகிறவர்கள்தான் அதிகம் என்று இப்போது நினைக்கிறேன். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், நாளை மறுநாள் போவோம் என்றேன். தலையை ஆட்டினாள். அந்த ஆட்டத்துக்கு என்ன அர்த்தமோ.

மார்ச் 8

மகளிர் தினம். வழக்கம்போல ஒரு பள்ளியில் சைக்கிள் கதை சொல்லக் கூப்பிட்டார்கள். அறிவொளி நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் புதுக்கோட்டைக் கலெக்டராக இருந்த காலத்தில், லேடீஸ் சைக்கிள் கிடைக்காமல் குறுக்குக் கம்பி வைத்த சைக்கிளிலேயே நாங்கள் ஓட்டிப் பழகியது, அந்தக் கம்பியில் பிள்ளையை உட்கார வைத்துக்கொண்டு போனது. நல்ல கதைதான். இன்றும் சொன்னேன், கைதட்டினார்கள். பெரியம்மா கதையையும் சொல்ல நினைத்தேன். நேரம் முடிந்துவிட்டது என்று மைக்கை வாங்கிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஆறு வாரமாக எழுதவில்லை. மூட்டு வலி, வெயில், தேர்தல்.

போன திங்கட்கிழமை பதிவு முடிந்தது. விடுதலைப் பத்திரம் இல்லை, பாகப்பிரிவினை. ஆனால் சமபங்கும் இல்லை. வக்கீலைப் பார்த்த பிறகு தானே அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பேசி, கிணற்றை ஒட்டி இருபது சென்ட் போதும் என்று வாங்கிக்கொண்டாள். கணக்குப்படி அதைப் போல நாலு மடங்கு வர வேண்டும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன், அது தெரிந்துதான் கேட்கவில்லை.

இன்று கூட்டத்தில் பத்திரம் கை மாறிக் கை மாறிப் போயிற்று. பெரியம்மா தேர்தல் மை அழியாத விரலால் வரிக்கு வரி தொட்டுப் படித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும், "கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கு. என்னோடது எவ்வளவு அழகா இருந்துச்சு தெரியுமா" என்றார்.

தையல்காரி அதைக் கண்டுகொள்ளவில்லை. உட்பிரிவு அளக்க சர்வேயர் எப்போது வருவார், பட்டா எத்தனை நாளில் கைக்கு வரும் என்று என்னைத் துளைத்துக்கொண்டிருந்தாள்.