மூன்று மாதம் விடாமல் போட வேண்டிய க்ரீம்

மாதவிலக்கு நின்ற பிறகு உடலுறவில் வலி, எரிச்சல், திரும்பத் திரும்ப சிறுநீர்த் தொற்று என்று போனால், மருத்துவர்கள் வழக்கமாக எழுதித் தரும் மருந்துகளில் ஒன்று, யோனிக்குள் போடும் எஸ்ட்ரியால் க்ரீம். எஸ்ட்ரியால் என்பது ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனின் ஒரு வகை. போடும் விதம் தெரியாமல் பாதியில் விட்டுவிட்டு, ‘மருந்து கேட்கவில்லை’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் யோனியின் உட்தோல் மெலிந்து வறண்டுபோகும். அங்கே அமிலத்தன்மையைக் காத்துவந்த நல்ல பாக்டீரியாவும் குறைவதால் தொற்று சுலபமாகப் பிடிக்கிறது. உடம்பில் குப்பென்று ஏறும் சூடு சில வருடங்களில் அடங்கலாம். ஆனால் இந்த வறட்சி தானாகச் சரியாவது அரிது.

0.1 சதவீத க்ரீம் என்றால் வழக்கமான அளவு ஒரு தடவைக்கு 0.5 கிராம். அப்ளிகேட்டரை (மருந்தை உள்ளே செலுத்தும் குழல்) ட்யூபின் வாயில் திருகி, அதிலுள்ள வளையக் கோடு வரை க்ரீமைப் பிதுக்கி நிரப்ப வேண்டும். மல்லாந்து படுத்து முழங்காலை மடித்து, மெதுவாக உள்ளே செலுத்தி அழுத்தவும். எழுந்து நடந்தால் வழியும் என்பதால் தூங்கப் போகும்போது போடுவதே நல்லது. அப்ளிகேட்டரை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவினால் போதும், கொதிநீர் கூடாது. முதல் சில நாள் எரியலாம், தோல் மெலிந்திருப்பதுதான் காரணம். சிவந்து வீங்கினால் மட்டும் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெரும்பாலும் 2 அல்லது 3 வாரம் தினமும், பிறகு வாரம் 2 தடவை என்று சொல்வார்கள். சிக்கல் இங்கேதான். 15 கிராம் ட்யூபில் 30 தடவைக்குத்தான் மருந்து இருக்கிறது. 3 வாரம் தினமும் போட்டால் 10.5 கிராம் தீர்ந்துவிடும். மிச்சம் நாலரை வாரத்துக்கு வரும். முழுப் பலன் தெரிய 12 வாரம் ஆகலாம், ட்யூபோ எட்டாவது வாரத்திலேயே காலி. ‘கோர்ஸ் முடிந்தது’ என்று நினைத்துவிடாமல் அடுத்த ட்யூபை முன்னதாகவே வாங்கி வையுங்கள். குணமானதும் அடியோடு நிறுத்தினால் வறட்சி திரும்பிவரும்.

இந்த க்ரீமை உடலுறவுக்கான வழுவழுப்புக்குத் தடவக் கூடாது. அதற்குத் தண்ணீர் சார்ந்த ஜெல் தனியாக வேண்டும். தேங்காய் எண்ணெய் லேட்டக்ஸ் ஆணுறையைக் கிழித்துவிடும். ஆணுறை இன்னும் தேவைப்படலாம்: 50 வயதுக்கு மேல் என்றால் கடைசி மாதவிலக்கிலிருந்து 1 வருடம், அதற்குக் கீழ் என்றால் 2 வருடம் வரை கருத்தடை வேண்டும். உள்ளே சோப்பு, வாசனைத் திரவம் எதுவும் போடாதீர்கள்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக் கூடாது. மாதவிலக்கு நின்று 12 மாதம் கழித்து ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும், க்ரீம் போடுவதால்தான் என்று விட்டுவிடாமல் உடனே பரிசோதனை செய்ய வேண்டும்.

வறட்சி போன பின்னும் வலி நீடித்தால், வலிக்குப் பயந்து யோனியைச் சுற்றியுள்ள இடுப்புத்தளத் தசைகள் இறுகியிருக்கலாம். அதற்கு க்ரீம் உதவாது. தசையைத் தளர்த்தக் கற்றுத்தரும் பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.