மணல் மூட்டை தொங்கிய இடத்தில்

ஏப்ரல் 6, 2025

பட்டறையில் நாங்களே கட்டும் விமானம் இன்றுதான் முதல்முறையாக மூன்று சக்கரத்தில் நின்றது. இறக்கை இன்னும் மாட்டவில்லை. மரச்சட்டமும் பிளைவுட்டும்தான். மூக்கில் இன்ஜின் இல்லையா, கையை எடுத்ததும் வால் தொப்பென்று தரையில் உட்கார்ந்துவிட்டது. மகள் ஓடிப்போய், கொத்தனார் விட்டுப்போன மணலை இரண்டு சாக்கில் அள்ளி வந்தாள். எடை போட்டு, இன்ஜின் மாட்ட வேண்டிய சட்டத்தில் கட்டித் தொங்கவிட்டோம். 75 கிலோவில் வால் எழுந்து நின்றது.

வரைபடத்தில் இருப்பது இதுதான்: 65 முதல் 80 ஹெச்பி வரை போதும், இன்ஜினுக்கும் உட்காரும் இடத்துக்கும் நடுவிலுள்ள ஃபயர்வால் தடுப்புக்கு முன்னால் இன்ஜின், புரொப்பல்லர், ரேடியேட்டர், எண்ணெய் எல்லாம் சேர்த்து 80 கிலோவைத் தாண்டக் கூடாது. இரண்டு பேர் ஏறி, டாங்க் நிரப்பினால் மொத்தம் 450 கிலோ. மூன்று வருடமாக ஒட்டி, இழைத்துக் கட்டிய உடம்புக்கு இனி உயிர் தேட வேண்டும்.

ஏப்ரல் 13

அண்ணாச்சி வந்திருந்தார். பஸ் டிப்போவில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். மணல் மூட்டையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் தம்பி அலையுத? ஜிப்ஸி இன்ஜின் கண்ணுக்கு முன்னாலயே கெடக்கே" என்றார்.

அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பேட்டையில் இந்தப் பட்டறை வைத்து 22 வருடம். தேய்ந்த இன்ஜினைப் புதுப்பிக்கும் ரீபோர், கிராங்க் கிரைண்டிங்தான் சோறு போடுகிறது. மாருதி ஜிப்ஸி ஜீப்பின் 1298 சிசி இன்ஜினைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்து மாட்டுவேன். அலுமினியம் பிளாக், நாலு சிலிண்டர், கடைசியாக வந்த மாடலில் 80 ஹெச்பி. உதிரிப் பாகம் திருநெல்வேலியிலேயே கிடைக்கும். சுசுகி இன்ஜினை மாட்டி வெளிநாட்டில் பறப்பவர்களும் இருக்கிறார்கள்.

ராத்திரி தூக்கம் வரவில்லை. சார்லி டெய்லரை நினைத்துக்கொண்டிருந்தேன். ரைட் சகோதரர்கள் கேட்டதுபோல் எடை குறைந்த இன்ஜினை எந்த கார் கம்பெனியும் தராதபோது, அவர்களுடைய சைக்கிள் கடை மெக்கானிக்கான அவர் ஒரு லேத்தையும் டிரில்லையும் வைத்து ஆறு வாரத்தில் செய்து கொடுத்தார். எஃகுக் கட்டியில் வரிசையாகத் துளை போட்டு, உடைத்து, கடைந்து கிராங்க் எடுத்திருக்கிறார். 1903 பிப்ரவரியில் சோதனை ஓட்டத்தில் பியரிங் இறுகி கிராங்க்கேஸ் உடைந்தது; மறுபடி வார்த்தார்கள். அந்த டிசம்பரில் பறந்தது 12 ஹெச்பியில். என்னிடம் இருப்பது அவரிடம் இருந்ததைவிட நல்ல லேத்.

ஏப்ரல் 20

எத்தனை ஹெச்பி வேண்டும் என்று மகளும் நானும் கணக்குப் போட்டோம். அவள் மெக்கானிக்கல் கடைசி வருடம். நான் இத்தனை நாள் 'கூடக் கூட நல்லது' என்று மட்டும் நினைத்திருந்தேன்.

450 கிலோவை மணிக்கு 100 கிலோமீட்டரில் ஏறாமல் இறங்காமல் பிடித்து வைக்கவே 15 கிலோவாட் போய்விடுகிறது. அதற்கு மேல் மிஞ்சுவதுதான் ஏற்றுகிறது. புரொப்பல்லரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீண். அப்புறம் நம்மூர் வெயில். புத்தகத்தில் எழுதியிருக்கும் ஹெச்பி எல்லாம் 15 டிகிரிக் காற்றுக்கு. 40 டிகிரியில் காற்று விரிந்து, அடர்த்தி 8 சதவீதம் குறைகிறது. இன்ஜினும் அந்த அளவுக்குச் சோர்ந்துவிடும். எல்லாம் கழித்துப் பார்த்தால், 80 ஹெச்பி என்றால் வினாடிக்கு சுமார் 4.6 மீட்டர் ஏறும். 65 என்றால் 3.1. மருமகன் ஆசையாகச் சொன்ன புல்லட் கம்பெனியின் 650 ட்வின், 47 ஹெச்பி, வெறும் 1.3 மீட்டர்.

அந்த எண்ணை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சக்தி ஒன்றே முக்கால் மடங்குகூடக் கூடவில்லை, ஏற்றம் மூன்றரை மடங்கு கூடுகிறது. ஓடுபாதை முடிவில் வரிசையாகப் பனைமரம் நிற்கும் ஊரில் 1.3 மீட்டரை நம்பி யாரையும் பக்கத்தில் உட்கார வைக்க முடியாது. 650ஐ அன்றே அடித்துவிட்டோம்.

மே 4

ஜிப்ஸியை விட மனமில்லாமல் இரண்டு வாரம் போனது. இன்று விட்டேன். ஏன் என்று எழுதி வைக்கிறேன், பின்னால் ஆசை திரும்பி வரும்போது எடுத்துப் படிக்க.

80 ஹெச்பி வருவது நிமிடத்துக்கு 6000 சுற்றில். 1.6 மீட்டர் புரொப்பல்லரை அப்படியே கிராங்கில் மாட்டினால் அதன் நுனி வினாடிக்கு 500 மீட்டரில் ஓடும். ஒலியின் வேகமே இந்த வெயிலில் 350தான். நுனி ஒலியைத் தாண்டினால் கத்தல் மிஞ்சும், இழுப்பு மிஞ்சாது. ஆகவே சுற்றை 2500க்கு இறக்க கியரோ பெல்ட்டோ வேண்டும். அது நானே செய்ய வேண்டிய சாமான். பல்லோ பியரிங்கோ எனக்குப் பயமில்லை. பயம் முறுக்கு அதிர்வில்.

ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்குக்கு ஓர் உதை விழுகிறது. காரில் பிளைவீலும் கிளட்ச் ஸ்பிரிங்கும் டயரும் அந்த உதையை வாங்கிக்கொள்ளும். விமானத்தில் தண்டின் மறுமுனையில் கனமான புரொப்பல்லர், தன் சுற்றை மாற்றிக்கொள்ளாமல் அடம்பிடிக்கும். நடுவில் தண்டு ஸ்பிரிங் மாதிரி முறுகி முறுகி விடுபடும். ஏதோ ஒரு சுற்றில் உதையும் முறுகலும் தாளம் சேர்ந்துவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவதுபோல ஒவ்வொரு உதைக்கும் ஆட்டம் பெருகும். பல் உடையும், இல்லாவிட்டால் தண்டு முறியும். அதை அளக்கும் கருவி என் பட்டறையில் இல்லை. ரோட்டில் என்றால் ஓரங்கட்டி நிறுத்தலாம்.

இன்னொன்று. கார் இன்ஜின் வாழ்நாளில் பாதி சக்தியைத் தொடுவதே அபூர்வம். விமானத்தில் கிளம்பும்போது முழுசு, அப்புறம் மணிக்கணக்கில் முக்கால்வாசி. நான் ரீபோர் செய்து கொடுத்த ஜிப்ஸிகளில் ஒன்றுகூட அப்படி ஓடியதில்லை. எனவே அந்த இன்ஜினை எனக்குத் தெரியும் என்று நான் சொல்வதில் பாதிதான் உண்மை.

அண்ணாச்சிக்கு வருத்தம். "ஒம் முடிவு" என்று மட்டும் சொன்னார்.

மே 18

பக்கத்து மாநிலத்தில் ஒருவரிடம் ரோட்டாக்ஸ் 582 என்ற சிறு விமான இன்ஜின் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய் வந்தோம். டூ ஸ்ட்ரோக், இரட்டை சிலிண்டர், 65 ஹெச்பி, எடை குறைவு, கேட்ட விலையும் கைக்கு எட்டியது. 'நல்லா ஓடின இன்ஜின்' என்றார். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கையால் சுற்றினேன். கரகரவென்றது. எண்ணெயில் மூழ்கி ஓடும் பியரிங் அல்ல அது. பெட்ரோலில் கலந்து வரும் எண்ணெய்தான் அதற்கு உணவு. சும்மா கிடந்த வருடங்களில் காய்ந்து துருப்பிடித்திருந்தது. அதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. பேசாமல் கிளம்பிவிட்டோம்.

துருவை நான் சரி செய்துவிடுவேன். என்னை நிறுத்தியது, திரும்பும்போது பஸ்ஸில் படித்த கையேடு. இந்த வகை இன்ஜின் அமைப்பிலேயே திடீரென்று நின்றுபோகக் கூடியது என்று செய்தவர்களே அச்சடித்திருக்கிறார்கள். 300 மணி நேரத்துக்கு ஒருமுறை முழுதாகப் பிரிக்க வேண்டும். ஒற்றை ஆளாக வயலுக்கு மேல் தாழப் பறக்கிறவருக்கு அது போதும். பல பேர் பல வருடம் நல்லபடியாகப் பறந்திருக்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

ராத்திரி மனைவி சாப்பாடு போட்டுக்கொண்டே கேட்டாள்: "ரெண்டாவது சீட்டுல யாரு உக்காரப்போறா? நம்ம பிள்ளைதானே?"

ஜூன் 1

பெட்ரோல் சோதனை. பங்கில் வாங்கிய பெட்ரோல் 80 மில்லி, தண்ணீர் 20 மில்லி, அளவு ஜாடியில் ஊற்றிக் குலுக்கி வைத்தாள் மகள். கொஞ்ச நேரத்தில் அடியில் நின்ற தண்ணீர் 20 அல்ல, 35 மில்லி. பெட்ரோலில் இருந்த எத்தனால் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிட்டது. இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்ததுதான் என்று தெரியும். கண்ணால் பார்ப்பது வேறு.

தண்ணீர் சேர்ந்து டாங்க்கில் இப்படிப் பிரிந்தால், குழாயில் முதலில் போவது அடியில் நிற்பதுதான். ரப்பர் குழாய் ஊதும். ஃபைபர் டாங்க்கின் பிசினும் இளகலாம். நான் பார்த்துவைத்திருக்கும், அதே கம்பெனியின் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜினான ரோட்டாக்ஸ் 912க்கு 10 சதவீதம் வரைதான் அனுமதி. தண்ணீர் விட்டு எத்தனாலைக் கழுவி எடுத்துவிடலாமே என்று அண்ணாச்சி கேட்டார். பெட்ரோலைத் தட்டாமல் எரியவைக்கும் ஆக்டேனில் ஒரு பங்கைத் தருவதே அந்த எத்தனால்தான். கழுவினால் அதுவும் போய்விடும், இன்ஜின் தட்டும். ஆகவே விமானப் பெட்ரோலான ஏவ்காஸ்தான். அதில் ஈயம் உண்டு. கியர்பாக்ஸில் கசடு சேரும். எண்ணெயை வழக்கத்தைவிட அடிக்கடி மாற்ற வேண்டும். செலவுதான். சரி.

912இல் 80 ஹெச்பி, 100 ஹெச்பி இரண்டும் உண்டு. 100க்கு 95 ஆக்டேன் கேட்கும், 80க்கு 90 போதும். எத்தனால் குறைந்த பெட்ரோல் என்றாவது கிடைத்தால் சாதாரண 91லேயே ஓடும். வரைபடமும் 80தான் சொல்கிறது.

ஜூன் 22

காற்று. கயத்தாறுப் பக்கம் காற்றாலை எல்லாம் வெறி பிடித்துச் சுற்றுகின்றன. பட்டறைக்குள் புழுதி. துணி ஒட்டும் வேலையை நிறுத்திவைத்தோம்.

ஆஸ்திரேலியாவின் ஜபிரு 2200 பற்றி இன்று முழுக்க யோசனை. 85 ஹெச்பி, 3300 சுற்று, கியரும் இல்லை ரேடியேட்டரும் இல்லை, நேராக கிராங்கில் புரொப்பல்லர். எனக்குப் பிடித்த எளிமை. காற்றால் மட்டும் குளிரும் ஹெட் என்பதால், சித்திரை வெயிலில் தரையில் காத்து நிற்கும்போது என்ன ஆகும் என்பதுதான் உறுத்தல். கைக்கெட்டும் தூரத்தில் விற்பனைக்கும் ஒன்று இல்லை. இருந்திருந்தால் ஒருவேளை முடிவு மாறியிருக்கும். செஸ்னா 150இல் இருந்த கான்டினென்டல் ஓ-200, 100 ஹெச்பி, தங்கமான இன்ஜின். நம் மூக்குக்குக் கனம்.

ஜூலை 8

தேரோட்டம். பட்டறை லீவு. வடம் பிடித்துவிட்டு வந்து உள்ளங்கை எரிகிறது.

ஜூலை 20

912 ஒன்றைப் பார்த்தாயிற்று. 80 ஹெச்பி. பயிற்சி விமானத்தில் 740 மணி ஓடியது; 2000 மணி வரை போகும் இன்ஜின். தண்டின் கோணலை அளக்கும் டயல் கேஜை வீட்டிலிருந்தே எடுத்துப்போயிருந்தேன். புரொப்பல்லர் எங்காவது தட்டியிருந்தால் கிராங்க் காட்டிக்கொடுத்துவிடும். முள் கையேட்டின் எல்லைக்குள்தான் அசைந்தது. எண்ணெயில் வரும் இரும்புத் துகளைப் பிடிக்கும் காந்தப் பிளக்கில் மாவு போன்ற சாம்பல் மட்டும், துகள் இல்லை. கம்ப்ரஷன் சோதனையில் 80 அளவுக்குக் காற்று ஏற்றினால் நாலு சிலிண்டரும் 76க்குக் குறையவில்லை. லாக் புக்கில் ஒரு பக்கமும் விடுபடவில்லை. பதினெட்டு பக்கத்தையும் மகள் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

விற்பவர் பெரியவர். எண்ணெய் பார்க்கும் முறையை அவரே காட்டினார். புரொப்பல்லரைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கிராங்க்கேஸில் தங்கிய எண்ணெய் முழுக்கத் தொட்டிக்குத் திரும்பியதும் தொட்டிக்குள் குளுக் என்று ஒரு சத்தம். அது கேட்ட பிறகுதான் அளவுக்கோலை எடுக்க வேண்டும். கேட்டோம்.

முன்பணம் கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு மேல் மாடி எடுக்க வைத்திருந்த பணம். மனைவியிடம் முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் போனேன்.

ஆகஸ்ட் 10

இன்ஜின் வந்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டும், மாற்றிக்கொண்டிருக்கிறோம். கார்புரேட்டரின் மிதவைகள் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்துப்போவது உண்டு. ஒரு ஜோடி 7 கிராமைத் தாண்டக் கூடாது. பட்டறைத் தராசில் இது எங்கே நிற்கும்? டவுனில் நகை செய்யும் ஆசாரி ஒருவரிடம் எடுத்துப்போனோம். ஒரு ஜோடி 6.3. மற்றது 7.4. அவர் இரண்டு தடவை போட்டுப் பார்த்துவிட்டு, "இது என்ன நகை?" என்றார். புது ஜோடிக்குச் சொல்லியாயிற்று.

ஆகஸ்ட் 17

விமானத்தில் மாட்டும் முன் இன்ஜினைத் தனியாக ஓட்டிப் பார்க்க இரும்புச் சட்டம் வெல்டு செய்தோம். சின்ன வயதில் பணகுடியில் மாமா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மகேந்திரகிரி மலையைக் காட்டி, ராக்கெட் இன்ஜினை அங்கே கட்டிப்போட்டு எரித்துப் பார்ப்பார்கள் என்று மாமா சொல்வார். மேலே அனுப்புவதற்கு முன் தரையில் கட்டிவைத்து எத்தனையோ தடவை. நம் சட்டத்தை வெல்டு செய்யும்போது அந்த மலைதான் கண்ணில் நின்றது. அண்ணாச்சி தாமாகவே வந்து நாலு மூலைக்கும் குறுக்குக் கம்பி வைக்கச் சொன்னார். சரியான யோசனை.

ஆகஸ்ட் 24

பத்து மணி நேரத்துக்குத் திட்டமிட்டதில் இரண்டு மணி நேரம் சட்டத்தில் ஓடியது. வெயிலில் நிறுத்தி, கால் மணி கழித்து மறுபடி கிளப்பினோம். குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளுமோ என்று பயந்தேன். டாங்க்குக்குத் திரும்பும் குழாயைச் சரியாகப் போட்டிருந்ததால் ஒரே சுற்றில் பிடித்தது.

சாயங்காலம் சும்மா ஒருமுறை விமானத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று சங்கிலிக் கப்பியில் தூக்கினோம். முதலில் மணல் மூட்டையை அவிழ்க்க வேண்டும். வால் இறங்காமல் மருமகன் தோள் கொடுத்து நின்றான். நாலு போல்ட் மாட்டியதும் கையை எடுக்கச் சொன்னேன். வால் அசையவில்லை. தராசில் எல்லாம் சேர்த்து 78 கிலோ. மூட்டையைவிட மூன்று கிலோ கூட. பேட்டரியை சீட்டுக்குப் பின்னால் நகர்த்தினால் சரியாகும்.

எல்லோரும் டீ குடிக்கப் போன பிறகு மகள் மட்டும் புரொப்பல்லரைப் பிடித்து மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தாள். பத்து சுற்று, பன்னிரண்டு, பதினைந்து. நான் தொட்டிமேல் காதை வைத்துக் கேட்டேன். குளுக்.