கொட்டாங்குச்சியில் ஒரு மோதிரம்

24 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

வெள்ளிக்கிழமை நிச்சயம் முடிந்தது. கல்யாணம் தையில். தட்டு மாற்றிய தேங்காய்கள் இரண்டு இன்னும் பூஜையறையில் மஞ்சள் பூசியபடி இருக்கின்றன. அம்மா அதற்குள் மோதிரக் கணக்கில் இறங்கிவிட்டாள். மாப்பிள்ளைக்கு ஒரு சவரன், எனக்கு அரை.

மாலையில் போனில் அவரிடம் சொன்னேன். சிரித்தார். அவருக்கு ஒரகடம் பக்கம் ஒரு பட்டறையில் லேத் வேலை. உள்ளே நுழையும்போதே மோதிரம், காப்பு, கைக்கயிறு எல்லாவற்றையும் கழற்றி டப்பாவில் போட்டுவிட வேண்டும். "சுத்துற மெஷின்ல மாட்டினா மோதிரம் உடையாது, விரல்தான் போகும்" என்றார். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "உடையிற மோதிரமா பாரு, போட்டுக்கிறேன்."

விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு அது மண்டையிலேயே நிற்கிறது.

31 ஆகஸ்ட், ஞாயிறு

தங்கம் வேண்டாம் என்று வாயைத் திறந்ததுதான் தாமதம், வீட்டில் ஆளுக்கொரு யோசனை.

பெரியப்பா யானைமுடி என்றார். அவர் விரலில் ரொம்ப வருஷமாக ஒன்று இருக்கிறது, தங்கக் கம்பி கட்டியது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் யானை இருக்கிறது, அதன் வால் முடியை விற்பதும் வாங்குவதும் குற்றம் என்றேன். யானைமுடி என்று சொல்லி நைலான் இழையை விற்று ஏமாற்றுவதும் நடக்கிறது என்றேன். "அப்ப இது நைலானாவே இருக்கட்டும்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

தம்பி ஏதோ வீடியோ பார்த்துவிட்டு, ஐந்து ரூபாய்க் காசின் நடுவில் ஓட்டை போட்டு மோதிரம் அடிக்கலாம் என்றான். 2011 நாணயச் சட்டப்படி காசை உருக்கக் கூடாது, சிதைக்கவும் கூடாது. அத்தை பெண் கருங்காலி என்றாள். இப்போது மாலையும் காப்புமாக விற்கிற கருங்காலியைக் கணக்குப் போட்டால் அவ்வளவு மரம் எந்தக் காட்டிலும் நின்றிருக்காது. குதிரை லாட மோதிரம் என்று ஒரு குரல் வந்தது. அது சனி பகவானுக்குப் போடுவது, கல்யாணத்துக்கா என்று அத்தையே அடக்கிவிட்டார்.

அம்மாவின் கேள்வி ஒன்றுதான். "தங்கம் இல்லாதது ஒரு மோதிரமா?"

பேப்பரை விட்டுத் தலை நிமிராமல் அப்பா சொன்னார்: "ஐயர் வந்து உட்காரச் சொன்னா முதல்ல விரல்ல மாட்டறது என்ன? புல்லுதானே." தர்ப்பைப் பவித்திரத்தைச் சொல்கிறார். சுப காரியத்துக்கு இரண்டு புல், முன்னோருக்குத் தர்ப்பணம் என்றால் மூன்று, சாவுக்கு ஒன்று. காரியம் முடிந்ததும் பிரித்துப் போட்டுவிடுகிறோம். அம்மா பதில் சொல்லவில்லை. ஒத்துக்கொண்டாள் என்று அர்த்தமில்லை.

6 செப்டம்பர், சனி

சவரன் 80 ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அம்மா டிவியை அணைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் ஒரு ஓட்டு விழுந்ததாக எடுத்துக்கொண்டேன்.

மதியம் இருவரும் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தாத்தா வீட்டுக்குப் போனோம். தறி போய் ரொம்ப நாளாகிறது. தறிக்குழியை மூடி சிமெண்ட் போட்ட இடம் மட்டும் தனி நிறத்தில் தெரிகிறது. பரணில் தாத்தாவின் நாடா ஒன்று கிடைத்தது, தறியில் குறுக்கு நூலை ஓட்டுகிற மரக்கட்டை. உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து கோர்க்கிற கோர்வைப் புடவைக்கு மூன்று நாடா ஓடும், இரண்டு பேர் வேண்டும். எட்டு வயதில் அம்மா தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளியிருக்கிறாள். மரம் எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. ஒரு பக்கம் கட்டைவிரல் பட்டுப் பட்டுப் பள்ளமாகவே ஆகிவிட்டது. என் விரலை வைத்துப் பார்த்தேன், பள்ளம் பெரிசாக இருந்தது.

இதை அறுத்து மோதிரம் செய்யலாமே என்றேன். அம்மா என் கையிலிருந்து நாடாவை வாங்கிப் பழைய துணியில் சுற்றி பையில் வைத்துக்கொண்டாள். "வேற பாரு."

எனக்குக் கோபம்தான். வீட்டுக்கு வந்து படுத்தபிறகுதான் உறைத்தது. அந்தப் பள்ளம் மோதிரத்தில் வராது. அறுத்தால் முதலில் போவதே அதுதான்.

7 செப்டம்பர், ஞாயிறு

அவர் வந்திருந்தார். தேங்காய் அழுகிவிடப் போகிறதென்று அம்மா தட்டுத் தேங்காய் இரண்டையும் உடைத்துச் சட்னி அரைத்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனவர் கொல்லையில் குப்பைக் கூடையைக் குடைந்துகொண்டிருந்தார். திரும்பும்போது கையில் நான்கு மூடி.

"அத்தை, இதை எடுத்துக்கட்டுமா?"

"கொட்டாங்குச்சியா? எதுக்கு மாப்பிள்ளை?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்கு ஏன் இது தோன்றவில்லை!

கிளம்புமுன் அளவு எடுத்தோம். காகிதத்தைப் பட்டையாக வெட்டி விரல் மூட்டைச் சுற்றி எடுத்தோம். காலையில் எடுத்தால் தப்பாகிவிடும், வெயிலுக்கும் வேலைக்கும் விரல் வீங்கும் என்றார். நம்மூர் மோதிர அளவு சுலபக் கணக்கு. உள்சுற்று எத்தனை மில்லிமீட்டரோ அதில் 40 கழிக்க வேண்டும். அவருக்கு 62, ஆக 22ஆம் நம்பர். எனக்கு 12. தங்கம் என்றால் ஆசாரி தட்டிப் பெரிசாக்கித் தருவார். கொட்டாங்குச்சியில் அந்தச் சலுகை கிடையாது.

14 செப்டம்பர், ஞாயிறு

மூன்று உடைந்தது.

முதல் மூடி அறுக்கும்போதே போனது. ஹேக்ஸா பிளேடை அழுத்தினாராம். இரண்டாவதில் வட்டம் போட்டு, உள்ளே வரிசையாகத் துளை போட்டு, நடுத்துண்டைத் தட்டி எடுத்து, அரைவட்ட அரத்தால் ராவி, எல்லாம் சரியாக வந்து, விரலில் மாட்டும்போது மூட்டில் 'டக்'. மூன்றாவது கீழே விழுந்தது. "இரும்புல நூறுல ஒரு பங்கு மில்லிமீட்டர் பிடிக்கிறேன், இது என்னைப் பாடாப் படுத்துது" என்று போனில் புலம்பல்.

இன்று நான்காவது மூடியோடு இங்கேயே வந்துவிட்டார். திண்ணையில் உட்கார்ந்து நானும் பார்த்தேன். கண் இருக்கிற மூடியில் கண்ணுக்குப் பக்கத்தில் ஓடு தடிமன், அங்கே எடுத்தார். ஓட்டில் இழை ஒரே திசையில் ஓடுகிறது. வளையத்தில் இரண்டு இடங்களில் அது குறுக்கே வெட்டுப்படும், உடைவதெல்லாம் அங்கேதான். அந்த இடங்களைக் கொஞ்சம் அகலமாக விட்டார். பார்த்தால் தெரியாது, தடவினால் தெரியும்.

உப்புத்தாள் என் வேலை. முதலில் சொரசொரப்பான 80ஆம் நம்பர், அப்புறம் 220, 400, கடைசியில் 1000. முதலில் வெறும் பழுப்புத் தூள்தான் பறந்தது. 400 வந்தபோது உள்ளே இருந்த கோடுகள் தெரிய ஆரம்பித்தன, வெளிறிய புள்ளிகளோடு. கடைசியில் தேன்மெழுகு வைத்துப் பழைய ஜீன்ஸ் துணியால் தேய்த்தோம். தேங்காயெண்ணெய் பூசலாமே என்றாள் அம்மா. அது காயாது, அழுக்குப் பிடிக்கும். ஆனால் யோசனை சொல்கிற அளவுக்கு வந்துவிட்டாளே!

மாட்டிப் பார்த்தார். மூட்டில் நின்றது, சுழற்றினார், இறங்கிவிட்டது. யாரும் மூச்சு விடவில்லை.

27 செப்டம்பர், சனி

இன்று என் மோதிரத்தின் முறை. அம்மா தானாகவே பீரோவைத் திறந்து பாட்டியின் கல்யாணப் புடவையை எடுத்து வந்தாள். மடிப்பு மடிப்பாகக் கிழிந்துபோனது. தெருவில் "பழைய பட்டுப்புடவை வாங்கறது" என்று கூவிப் போகிறவர்களுக்குக்கூடக் கொடுக்காமல் வைத்திருந்தாள். முந்தானையில் ஏற்கெனவே அறுந்து தொங்கிய பகுதியை மட்டும் கத்தரித்தாள்.

அதை ஆசாரியிடம் கொண்டுபோனோம். ஜரிகை இழை ஒன்றைக் கல்லில் தேய்த்தார். உள்ளே சிவப்புப் பட்டு நூல் எட்டிப் பார்த்தது. "அசல்" என்றார். பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பி சுற்றி, அதற்குத் தங்க முலாம். அதுதான் ஜரிகை. கொளுத்தியபோது முடி கருகுகிற நாற்றம். அம்மா வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள். மிஞ்சிய கரிக்கூட்டை மூசையில், அதாவது உருக்குகிற கிண்ணத்தில் போட்டு, உருக உதவும் வெங்காரத்தைத் தூவி ஊதினார். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. திடீரென்று எல்லாம் சுருண்டு ஒரு முத்தாகி உருண்டது. ஆறி வந்ததை எடை போட்டால் ஆறு கிராமும் சொச்சமும். செம்பு கலந்திருப்பதால் சுத்த வெள்ளியைவிடக் கெட்டியாக நிற்கும் என்றார்.

கம்பியாக இழுத்து இரண்டு இழையை முறுக்கி வளைக்கச் சொல்லிவிட்டு வந்தோம். கூலியைக் கேட்டு அம்மா பேரம் பேசவில்லை. அதிசயம்.

5 அக்டோபர், ஞாயிறு

வெள்ளி மோதிரம் வந்துவிட்டது. ஓட்டு மோதிரமும் இங்கேதான் இருக்கிறது, வேலை நாளில் டப்பாவில் கிடந்து தொலையக் கூடாதென்று.

பெரியம்மா புதுப் பிரச்சினை கிளப்பினார். கல்யாணத்தன்று குடத்துத் தண்ணீரில் மோதிரத்தைப் போட்டு எடுக்கும்போது கொட்டாங்குச்சி மிதந்தால் என்ன செய்வது, எல்லோரும் சிரிக்கமாட்டார்களா? நியாயமான கேள்விதான். பித்தளைச் சொம்பில் தண்ணீர் பிடித்து வந்தேன். தம்பி வீடியோ எடுக்கத் தயாரானான்.

விட்டேன். மேலே ஒரு நொடி தயங்கியது. மெழுகில் ஒட்டியிருந்த காற்றுக்குமிழி ஒன்று கழன்றது. அப்புறம் சாய்ந்து சாய்ந்து இறங்கி அடியில் போய் உட்கார்ந்தது.

"வெள்ளியையும் போடு, ரெண்டும் ஒண்ணா இருக்கட்டும்" என்றாள் அம்மா.