ஹட்சின்சனில் லிபர்ட்டி பெல் 7

விண்வெளிப் பயண வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் அமெரிக்கா சென்றால், ஃபுளோரிடாவையும் வாஷிங்டனையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். கான்சாஸ் மாநிலத்தில் இருக்கும் ஹட்சின்சனையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று அடித்துச் சொல்வேன். அங்குள்ள காஸ்மோஸ்பியர் அருங்காட்சியகத்தில்தான், அட்லாண்டிக் கடலடியில் 38 ஆண்டுகள் கிடந்த லிபர்ட்டி பெல் 7 விண்கலம் வைக்கப்பட்டிருக்கிறது.

விச்சிட்டாவிலிருந்து ஏறத்தாழ 80 கி.மீ. தொலைவு. எனக்கு ஏற்ற நேரத்தில் பேருந்து அமையாததால் டாக்சி பேசிக்கொண்டு போனேன். இறங்கும் இடம் வந்ததும் ஓட்டுநர், காலி வண்டியாகத் திரும்ப வேண்டியிருக்கிறது என்று சொல்லி, பேசிய தொகைக்கு மேல் இன்னொரு பங்கு கேட்டார். ஏறும்போது சொல்லாத கட்டணத்தை இறங்கும்போது கேட்பது எந்த ஊரிலும் அநியாயம்தான். வாக்குவாதம் செய்து கொஞ்சம் குறைத்தேன் என்றாலும், டாலரை ரூபாயில் பெருக்கிப் பார்த்தபோது வயிறு எரிந்தது. நாலைந்து பேராகப் போகிறவர்கள் வாடகைக்குக் கார் எடுத்துக்கொள்வதே மலிவு.

ஆனால் கலத்தின் முன்னால் போய் நின்றதும் செலவுக் கணக்கு மறந்துபோனது. அடிப்பகுதியின் குறுக்களவு இரண்டு மீட்டர்கூட இல்லாத அந்தக் கூம்புக்குள் ஒரு மனிதர் உட்கார மட்டுமே இடம் உண்டு. பிலடெல்பியாவின் புகழ்பெற்ற லிபர்ட்டி பெல் மணியில் இருப்பதைப் போலவே, பக்கவாட்டில் வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு விரிசலை வரைந்திருந்தார்கள். 1999 ஜூலையில் சுமார் 4,900 மீட்டர் ஆழத்திலிருந்து மேலே வந்தபோதும் கலத்தின் பெயரை வாசிக்க முடிந்தது. கலம் மூழ்கினால் இருக்குமிடத்தை ஒலியால் காட்டுவதற்காக வைத்து, வெடிக்காமல் உள்ளே கிடந்த சிறு குண்டு ஒன்றைக் கடலிலேயே அகற்றிய பிறகுதான் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பிரித்துச் சுத்தம் செய்தபோது பத்து சென்ட் மதிப்புள்ள நாணயங்கள் சிலவும் கிடைத்தன. கதவு மட்டும் இன்னும் கடலில்தான் இருக்கிறது.

அந்தக் கதவால் வந்த வினைதான் எல்லாம். 1961 ஜூலை 21 அன்று அமெரிக்க விண்வெளி வீரர் கஸ் கிரிஸ்ஸம் இந்தக் கலத்தில் சுமார் 190 கி.மீ. உயரம் சென்று, கால் மணி நேரத்தில் கடலில் இறங்கினார். ஆபத்தில் உடனே வெளியேறுவதற்காக, 70 போல்ட்டுகளை வெடிமருந்தால் உடைத்துத் திறக்கும் கதவை அந்தக் கலத்தில்தான் முதன்முதலாகப் பொருத்தியிருந்தார்கள். ஹெலிகாப்டர் நெருங்கி வந்த நேரத்தில் கதவு வெடித்துத் திறந்து, தண்ணீர் உள்ளே பாய்ந்தது. ஹெலிகாப்டரால் பாரத்தைத் தாங்க முடியாமல் கலத்தைக் கைவிட நேர்ந்தது. உடைக்குள் தண்ணீர் ஏறிய கிரிஸ்ஸமோ மூழ்கும் நிலையில் தத்தளித்தார்.

அவர் பதறிப்போய்த் தானே கதவைத் திறந்துவிட்டார் என்று பல ஆண்டுகள் பேசினார்கள். இது அவருக்கு இழைக்கப்பட்ட பெரிய அநீதி. 1962இல் இன்னொரு விண்வெளி வீரரான வால்ட்டர் ஷிரா தன் கலத்தின் கதவை வேண்டுமென்றே வெடிக்கச் செய்தபோது, விசைக்குமிழின் எதிரடி பட்டு அவர் கை காயமடைந்தது. கிரிஸ்ஸமின் கையில் அப்படி ஒரு தடயமும் இருக்கவில்லை. ஹெலிகாப்டரிலிருந்து பாய்ந்த நிலைமின்சாரம் கதவை வெடிக்க வைத்திருக்கலாம் என்ற விளக்கத்தையும் அண்மையில் ஆய்வாளர்கள் முன்வைத்திருக்கிறார்கள். நாசா அவரை நம்பியதால்தான் 1965இல் ஜெமினி 3 கலத்துக்கும் பிறகு முதல் அப்பல்லோ பயணத்துக்கும் அவரையே தலைவராக்கியது.

அந்த அப்பல்லோ கலத்தில், 1967 ஜனவரி 27 அன்று ஏவுதளத்திலேயே நடந்த ஒத்திகையில் தீப்பிடித்து, கிரிஸ்ஸமும் எட் ஒயிட்டும் ரோஜர் சாஃபியும் இறந்தார்கள். தூய ஆக்சிஜன் நிரம்பியிருந்த கலத்தில் தீ நொடிகளில் பரவியது; உள்நோக்கித் திறக்கும் கதவை, உள்ளே ஏறிய அழுத்தத்தை மீறித் திறக்க முடியவில்லை. அதன் பிறகுதான் வெளிநோக்கி விரைவாகத் திறக்கும் கதவை அமைத்தார்கள்.

புதிய கதவோடு பறந்த கலங்களில் ஒன்றான, அப்பல்லோ 13 வீரர்களை 1970இல் உயிரோடு கொண்டுவந்த ஒடிசியும் இதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. லிபர்ட்டி பெல்லைப் பார்த்த பிறகு அங்கே செல்லுங்கள். ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொண்டால்தான் இரண்டையும் அவசரமின்றிப் பார்க்க முடியும்.