விடுமுறைப் பட்டியலில் இல்லாத நாட்கள்

அமெரிக்க வாடிக்கையாளருக்கு வேலை பார்க்கும் குழுக்கள் ஜனவரியிலேயே அந்நாட்டுக் கூட்டரசு விடுமுறைப் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்வது வழக்கம். பட்டியலில் இருப்பவை 11 நாட்கள். அதை மட்டும் நம்பி கோ-லைவ் தேதி (புதிய மென்பொருள் பயன்பாட்டுக்கு வரும் நாள்) குறித்தால் சிக்கல்தான். தனியார் நிறுவனங்கள் அந்த 11 நாட்களும் விடுப்பு தரவேண்டும் என்று சட்டம் இல்லை. கொலம்பஸ் தினத்தில் பல அலுவலகங்கள் வழக்கம்போல இயங்கும். அதே சமயம், பட்டியலில் இல்லாத ஒரு நாளில் ஒரு மாநிலமே வேலையை மூடிவைத்துவிட்டுத் தெருவிலோ காட்டிலோ இருக்கும்.

முதல் கூட்டத்தில் "உங்கள் ஊரில் என்னென்ன விடுமுறை?" என்று கேட்டால் அந்த 11 நாட்கள்தான் திரும்பி வரும். "எந்த வாரத்தில் உங்கள் ஆட்களில் பாதிப் பேர் இருக்கமாட்டார்கள்?" என்று கேளுங்கள். பதில் நிச்சயம் வேறாக இருக்கும், பேச்சும் அங்கிருந்தே வளரும். அந்த ஊர் எதை உயிராக நினைக்கிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

லூசியானாவில் பதில் மார்டி கிரா என்னும் ஊர்வலத் திருவிழா. ஈஸ்டருக்கு 47 நாள் முன்பு வரும் செவ்வாய் அது. ஆகவே பிப்ரவரி 3 முதல் மார்ச் 9 வரை எந்தத் தேதியிலும் விழலாம். 2026-ல் பிப்ரவரி 17, 2027-ல் பிப்ரவரி 9. போன ஆண்டுத் தேதியை அப்படியே நகலெடுப்பவர்கள் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். ஊர்வலங்கள் அந்த ஒரு நாளோடு முடிவதில்லை, முந்தைய இரு வாரங்களும் உண்டு. நியூ ஆர்லியன்சில் செயின்ட் சார்ல்ஸ் அவென்யூவில் ஊர்வலம் வரும் பல மணி நேரத்துக்குக் காரில் குறுக்கே கடக்க முடியாது, டிராமும் அந்தப் பகுதியில் நின்றுவிடும். விடுதி ஒரு பக்கம், அலுவலகம் மறுபக்கம் என்று அறை எடுத்தவர் மாட்டிக்கொள்வார். அந்த வாரத்தில் பயணம் வைக்காமலிருப்பது நல்லது. வைத்தே ஆகவேண்டுமென்றால், எந்த ஊர்வலம் எந்தத் தெருவில் என்று உள்ளூர்க்காரரிடம் கேட்டபிறகு அறை எடுங்கள்.

இந்தப் பருவம் அலுவலகத்துக்குள் நுழைவது கிங் கேக் வழியாக. ஜனவரி 6 அன்று தொடங்கும். அதற்கு முன் சாப்பிடுவதைப் பலர் ஏற்கமாட்டார்கள். பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டியை வளையமாகச் சுட்டு, ஊதா, பச்சை, தங்க நிறச் சர்க்கரை தூவியிருப்பார்கள். உள்ளே விரல்நுனி அளவு பிளாஸ்டிக் குழந்தை பொம்மை. அது யார் துண்டில் வருகிறதோ அவர் அடுத்த கேக் வாங்கவேண்டும். அதனால் சங்கிலி அறுபடாமல் மார்டி கிரா வரை போகும். பொம்மை உங்களுக்கு வந்தால் உடனே சொல்லிவிடுங்கள். எந்தக் கடையில் வாங்கலாம் என்று குழுவிடம் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஆளாளுக்கு ஒரு கடையைச் சொல்லி வாதாடுவார்கள், அவர்கள் குடும்பக் கதைகளும் சேர்ந்து வரும். தொண்டையில் சிக்கும் என்ற கவலையால் பல கடைகள் பொம்மையைத் தனியாகத் தருகின்றன. வாங்குபவர்தான் அடிப்பக்கத்தில் செருகவேண்டும். மாவில் முட்டை உண்டு, சைவர்கள் கவனிக்கவும்.

மிச்சிகனில் கவனிக்கவேண்டிய தேதி நவம்பர் 15. எந்தக் கிழமையானாலும் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் அன்றுதான் திறக்கும். வடக்கே பல பள்ளிகள் மூடப்படும். விஸ்கான்சினில் அந்தப் பருவம் தேங்க்ஸ்கிவிங்குக்கு (நவம்பர் நான்காம் வியாழன்) முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள். விடுமுறை என்று எந்தப் பட்டியலிலும் வராது. ஆலைப் பராமரிப்புக் குழுவினர் ஒவ்வொருவராகச் சொந்த விடுப்பு எடுத்துப் போய்விடுவார்கள். பொங்கல் வாரத்தில் மதுரைப் பக்கத்து ஆளுக்கு வேலை வைப்பதைப் போன்றதுதான் அந்த வாரத்தில் சர்வர் மாற்றம் வைப்பது.

உயிர்க்கொலையை ஏற்காதவர்களும் இந்தப் பேச்சைத் தவிர்க்கவேண்டியதில்லை. யார் கற்றுக்கொடுத்தது, வேட்டை முகாம் எத்தனை தலைமுறையாக இருக்கிறது, இறைச்சியை என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். தாத்தாவும் அப்பாவும் பேச்சில் வருவார்கள். சரியாக எந்த இடத்தில் காத்திருப்பார் என்று மட்டும் கேட்காதீர்கள், அதை நெருங்கிய நண்பரிடமும் சொல்லமாட்டார். காட்டில் வேட்டையாடிய மானின் இறைச்சியை விற்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே ஒருவர் உங்களுக்கு ஒரு பொட்டலம் தந்தால் அது கடையில் கிடைக்காத பொருள், மதிப்போடு தருவது. மான் சாசேஜில் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு சேர்த்திருக்கும்; உண்ணாதவர்கள் நன்றி சொல்லி, காரணத்தை நேராகச் சொன்னால் யாரும் தவறாக நினைப்பதில்லை. அந்த வாரங்களில் காட்டுப் பாதையில் நடக்கப் போனால் பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடை அணியவேண்டும்.

பாஸ்டனில் ஏப்ரல் மூன்றாம் திங்கள், 1775-ல் லெக்சிங்டனிலும் காங்கர்டிலும் நடந்த அமெரிக்க விடுதலைப் போரின் முதல் மோதல்களின் நினைவுநாள். அன்றே மராத்தான், பாய்ல்ஸ்டன் தெருவை ஒட்டிய அலுவலகத்துக்கு வண்டி போகாது. யூட்டாவில் ஜூலை 24. 1847-ல் மார்மன் என்னும் கிறிஸ்தவ சபையினர் சால்ட் லேக் பள்ளத்தாக்கை அடைந்த நாள், மாநில விடுமுறை. அங்கே "காபிக்குப் போகலாமா?" என்று பேச்சைத் தொடங்குவதை விட மதிய உணவுக்கு அழைப்பது நல்லது. அந்தச் சபையின் வழியில் நடப்பவர்கள் காபியும் டீயும் குடிப்பதில்லை.

டெக்சாஸின் ஜூன் 19 இப்போது பட்டியலிலேயே இருக்கிறது, ஆனால் வந்தது 2021-ல்தான். அடிமை விடுதலை அறிவிப்பு 1863 ஜனவரி 1 அன்றே நடைமுறைக்கு வந்தாலும், கால்வெஸ்டனில் இராணுவ ஆணையாக அது அறிவிக்கப்பட்டது 1865 ஜூன் 19 அன்று. கறுப்பினக் குடும்பங்கள் அந்த நாளைத் தாமாகவே கொண்டாடி வந்தன. 1980-ல் மாநில விடுமுறையானது, பிறகுதான் நாடு முழுமைக்கும். இதைக் கூட்டரசு தந்த இன்னொரு நாள் என்று நினைத்துப் பேசினால் உள்ளூர்க்காரர்களுக்கு வலிக்கும். சிவப்பு சோடாவும் தர்பூசணியும் ஏன் மேசையில் இருக்கின்றன என்று கேளுங்கள், சொல்லுவார்கள். ஜூனில் ஹியூஸ்டனில் வேலை இருந்தால் எமான்சிபேஷன் பூங்காவுக்குப் போய்வாருங்கள். இந்த நாளைக் கொண்டாட இடம் வேண்டும் என்று, விடுதலை பெற்றவர்கள் 1872-ல் பணம் திரட்டி வாங்கிய 10 ஏக்கர் நிலம் அது.