சீனன்குடாத் தாங்கிகளில் திரும்ப எண்ணெய் நிற்க வேண்டுமென்றால்

திருகோணமலைச் சீனன்குடாவின் எண்ணெய்த் தாங்கிகளில் யாருக்கு எத்தனை என்பதே எப்போதும் பேச்சு. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி இந்திய எண்ணெய் நிறுவனத்தின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கு 14, இலங்கை அரசின் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த நிறுவனத்துக்கு 61. சரி, பற்றைக்குள் கிடக்கும் ஒரு தாங்கியை எப்படி மீட்பது?

தாங்கிக்குள் இறங்க முன் மீற்றரால் வாயு பார்க்கவேண்டும். ஒட்சிசன் 19.5 வீதத்துக்குக் கீழே என்றால் ஒருவரும் உள்ளே போகக்கூடாது. பழைய கசடைக் கிளறினால் ஐதரசன் சல்பைட்டு என்ற நச்சுவாயு கிளம்பலாம். அது மூக்கை மரக்கப்பண்ணும். மணமில்லை என்று நம்பினால் உயிர் போகும், மீற்றரை மட்டும் நம்புங்கள்.

சுவரைவிட அடித்தகடுதான் பெரிய வில்லங்கம். மேற்பக்கம் நல்லாயிருக்கும், நிலத்தைத் தொடும் பக்கம் அரித்துப்போயிருக்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்தால் போதாது. அரிப்பைக் காந்தத்தால் கண்டுபிடிக்கும் காந்தப்பாய ஸ்கேனரைத் தகடு முழுக்க ஓட்டி, சந்தேகமான இடங்களில் ஒலியலையால் அளக்கும் அல்ட்ராசோனிக் மீற்றரால் தடிப்பை அளக்கவேண்டும்.

கடற்காற்று உப்பை நன்னீரால் கழுவாமல் எபொக்சி என்ற பாதுகாப்புப் பூச்சைப் பூசினால் கொப்புளம் கட்டி உரியும். துரு எடுத்த தகட்டுக்கு அன்றைக்கே முதல் பூச்சு விழவேண்டும். காற்றில் ஈரப்பதன் 85 வீதத்தைத் தாண்டினால் பூசக்கூடாது. ஆகவே இது கச்சான் காற்று வீசும் வறண்ட காலத்து வேலை. மாரியில் தொடங்கினால் காசு கரிதான்.

கடைசியாக, நன்னீரை நிரப்பித் தாங்கி தாங்குமா என்று பார்க்கும் நீர்ச்சோதனை. ஏறக்குறைய 12,000 தொன் கொள்ளும் தாங்கி, எண்ணெயைவிட நீர் பாரம். கால், அரை, முக்கால் என்று நிறுத்தி நிறுத்தி நிரப்பி, சுற்றிவர அடித்தளம் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறங்கினால் சுவர் நெளியும். அந்த நன்னீரை வெளியே விடாமல் அடுத்த தாங்கிக்கு மாற்றிச் சோதியுங்கள்.