முழங்கால் மூட்டை மாற்றும் முன் காலின் நேர்க்கோட்டைப் பாருங்கள்

ஐம்பது வயதை எட்டாத ஒருவருக்கு முழங்காலின் உட்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், அவருக்குச் சொல்லப்படும் வழிகள் பெரும்பாலும் இரண்டே: மாத்திரையோடும் தைலத்தோடும் வலியைப் பொறுத்துக்கொள்வது, அல்லது மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. இவற்றுக்கு நடுவே இன்னொரு வழி இருப்பதை என் அக்காவின் சிகிச்சையின்போதுதான் அறிந்தேன். முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பை அதன் மேற்பகுதியில் வெட்டி, வளைந்த காலை நேராக்கும் அறுவை சிகிச்சை அது. எலும்பு மருத்துவர்கள் அதைச் சுருக்கமாக ஹெச்.டி.ஓ. என்கிறார்கள்.

இடுப்பு மூட்டின் மையத்திலிருந்து கணுக்காலின் மையத்துக்கு ஒரு கோடு இழுத்தால், நேரான காலில் அது முழங்காலின் நடுவை ஒட்டிச் செல்லும். அப்போதும்கூட, நடக்கையில் சுமையின் பாதிக்கு மேல் உட்பக்கத்தின் மீதே விழுகிறது. முழங்கால் வெளிப்புறமாக வளைந்திருப்பவர்களுக்கு அந்தக் கோடு மேலும் உள்ளே நகர்ந்து, அங்குள்ள குருத்தெலும்பைத் தேய்க்கிறது. தேயத் தேயக் கால் இன்னும் வளைகிறது. ஏற்கெனவே தேய்மானம் உள்ள முழங்கால்களில், இத்தகைய வளைவு இருந்தால் 18 மாதங்களில் உட்பக்கத் தேய்மானம் முற்றும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு கூடுவதாக, அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் 2001-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. தேய்ந்த இடத்துக்கு மருந்து தேடும் நாம், அந்த இடத்தில் சுமையைக் குவிக்கும் வளைவைக் கவனிக்காமல் விடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. அக்காவை முதலில் பார்த்த மருத்துவமனையில் படுக்கவைத்து முழங்காலை மட்டும் எக்ஸ்ரே எடுத்தார்கள். நிற்கவைத்து, இடுப்பு முதல் கணுக்கால் வரை ஒரே படமாக எடுத்தால்தான் வளைவின் அளவையும், அது எந்த எலும்பில் இருக்கிறது என்பதையும் கணக்கிட முடியும்.

இது புதிய சிகிச்சையும் அன்று. பிரிட்டனில் ஜாக்சன், வா (Waugh) என்ற மருத்துவர்கள் இருவரும் 1961-லேயே இதைப் பற்றி எழுதினார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த மார்க் கவென்ட்ரி, எலும்பின் வெளிப்பக்கத்தில் ஆப்பு வடிவத் துண்டை எடுத்துவிட்டு மூடும் முறையை 1965-ல் விவரித்தார். இன்று பரவலாகச் செய்யப்படுவது இதற்கு எதிரான முறை: உட்பக்கத்திலிருந்து வெட்டி, வெளி விளிம்பில் சிறிதளவு எலும்பை மட்டும் கதவின் கீல்போல விட்டுவைத்து, வெட்டைக் கவனமாகத் திறந்து, பிளேட்டும் ஸ்க்ரூக்களும் கொண்டு நிறுத்துகிறார்கள். திறந்த இடைவெளியில் சில மாதங்களில் எலும்பு வளர்ந்துவிடும். சுமைக் கோட்டை நடுவுக்குக் கொண்டுவருவதோடு பெரும்பாலும் நிற்பதில்லை. எலும்பின் அகலத்தில் உள்விளிம்பிலிருந்து ஏறத்தாழ 62 விழுக்காடு தள்ளி, அதாவது தேயாத வெளிப்பக்கம் நோக்கிச் சற்றே சாய்த்து வைப்பது நெடுங்கால வழக்கம்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. தேய்மானம் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டும். முழங்கால் நன்றாக மடங்கி நீள வேண்டும். முடக்குவாதம் உள்ளவர்களுக்குப் பொதுவாகச் செய்வதில்லை. புகைபிடிப்பவர்களுக்கு வெட்டிய எலும்பு ஒன்றுசேரத் தாமதமாகும்.

குணமடைவது எளிதன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் சில வாரங்கள் வாக்கரும், பிறகு தொடர்ந்து பிசியோதெரபியும் தேவைப்பட்டன. அக்கா மனம் தளர்ந்த நாட்கள் இருந்தன. ஆனால் தம் சொந்த மூட்டோடு இன்று படியேறுகிறார், வகுப்பில் நின்று பாடம் நடத்துகிறார். தேய்ந்த குருத்தெலும்பு இதனால் பழைய நிலைக்குத் திரும்பிவிடாது. சுமை இடம் மாறுவதால் வலி குறைந்து, மூட்டு மாற்று சிகிச்சை பலருக்குப் பத்தாண்டுகளோ அதற்கு மேலோ தள்ளிப்போகிறது. பிற்காலத்தில் அது தேவைப்பட்டாலும் செய்ய முடியும். எலும்பின் வடிவம் மாறியிருப்பதால் மருத்துவருக்குக் கூடுதல் திட்டமிடல் வேண்டியிருக்கும் என்பதால், வெட்டுக்கு முன்னும் பின்னும் எடுத்த எக்ஸ்ரேக்களையும், பிளேட்டின் விவரம் உள்ள அறுவை சிகிச்சைக் குறிப்பையும் பத்திரப்படுத்த வேண்டும்.